பதிவேட்டை அவர்களிடமிருந்து வாங்கிவிடுங்கள்

கேள்வி: நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஒரு மீனவ கிராமத்தின் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியராக இருக்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஹாம் ரேடியோ உரிமம் வாங்கினேன், அதாவது பொழுதுபோக்காக வயர்லெஸ்ஸில் மற்றவர்களோடு பேசுவதற்கான அனுமதி. இந்த ஜூன் மாதம் பள்ளியில் ஹாம் ரேடியோ மன்றம் தொடங்கினேன். சனிக்கிழமை மாலை 4.30 முதல் 6.30 வரை கூடுகிறோம். முதல் கூட்டத்துக்கு 14 மாணவர்களும் 6 மாணவிகளும் வந்தார்கள். பெண் பிள்ளைகள் பொறுப்பானவர்கள், கையெழுத்தும் அழகாக இருக்கும் என்பதால் பதிவேட்டையும் பொருட்களின் கணக்கையும் அவர்களிடம் ஒப்படைத்தேன். ஐந்தாவது வாரம் ஒருத்திகூட வரவில்லை. கேட்டால் "வீட்ல வேலை சார்" என்கிறார்கள். பெண் பிள்ளைகளுக்கு இதில் ஆர்வம் இல்லையோ என்று தோன்றுகிறது. எப்படி ஊக்கப்படுத்துவது? இன்னொன்று: எட்டாம் வகுப்பில் கண் தெரியாத மாணவன் ஒருவன் இருக்கிறான். மன்றம் நடக்கும்போதெல்லாம் ஜன்னலோரம் நின்று கேட்டுக்கொண்டிருப்பான். உள்ளே சேர்க்கலாம் என்றால் அவன் அம்மா "கரண்ட் சமாச்சாரம், வேண்டாம் சார்" என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்:

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பெண் பிள்ளைகள் வராமல் போனதைக் கவனித்து, கவலைப்பட்டு, உட்கார்ந்து எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலான மன்றங்களில் இதை யாரும் கவனிப்பதே இல்லை. அதற்கு முதலில் என் நன்றி.

ஆர்வம் இல்லையோ என்று கேட்கிறீர்கள். முதல் சனிக்கிழமை ஆறு பேர் வந்தார்களே சார். ஒரு மீனவ கிராமத்தில், விடுமுறை நாளில், சாயங்கால நேரத்தில், இதுவரை பார்த்தேயிராத ஒன்றைப் பார்க்க ஆறு பெண் பிள்ளைகள் வீட்டில் சொல்லிவிட்டுப் புறப்பட்டு வந்திருக்கிறார்கள். அதற்கு மேல் எந்த ஆர்வத்தை எதிர்பார்ப்பது? ஆர்வத்தோடு வந்த பிள்ளை ஐந்தாவது வாரம் வரவில்லை என்றால், இடையிலிருந்த நான்கு வாரங்களில் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்றுதான் நான் பார்ப்பேன். அது உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. எழுதிக்கொண்டிருந்தாள்.

என் கதையைச் சொல்கிறேன். நான் தொலைத்தொடர்புப் பொறியாளர். தொண்ணூறுகளில் கல்லூரியில் படிக்கும்போது உரிமம் வாங்கினேன். அப்போது ஒரு நகரத்து மன்றத்தில் சேர்ந்தேன். அந்த அறைக்குள் நான் ஒருத்திதான் பெண். எல்லாருமே நல்லவர்கள், மரியாதையாகப் பேசுவார்கள். "உன் கையெழுத்து நல்லா இருக்கும்மா, லாக் நீ எழுது" என்றார்கள். லாக் என்றால் பேசியதையெல்லாம் குறித்துவைக்கும் பதிவேடு. பெருமையாகத்தான் இருந்தது. மூன்று மாதம் எழுதினேன். யார் எந்த நேரத்தில் எந்த அலைவரிசையில் எந்த ஊரோடு பேசினார்கள் என்பது எனக்கு மனப்பாடம். ஆனால் உரிமம் கையில் இருந்தும் என் குரல் ஒருமுறைகூட அந்த ஆன்டெனாவைத் தாண்டிப் போகவில்லை. ஒருநாள் இனி வரவேண்டாம் என்று முடிவு செய்துவிட்டுத்தான் போனேன். அன்றைக்கு வயதான ஒருவர் நாற்காலியிலிருந்து எழுந்து, ஹெட்போனைக் கழற்றி என் தலையில் மாட்டிவிட்டு, "உக்காரும்மா, நான் எழுதறேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். 40 மீட்டர் அலைவரிசைப் பட்டையில் கொழும்பிலிருந்து ஒருவர் அழைத்துக்கொண்டிருந்தார். நான் பதில் சொன்னேன். கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து என் அழைப்புக்குறியை, அதாவது உரிமத்தோடு எனக்குக் கொடுத்த அடையாள எழுத்துகளை, திருப்பிச் சொன்னார். இன்றுவரை நான் இந்தப் பொழுதுபோக்கில் இருப்பதற்கு அந்த ஒரு நிமிடம்தான் காரணம். அதற்கு முந்தைய மூன்று மாதத்தில் யாரும் என்னைத் திட்டவில்லை, விரட்டவில்லை, நன்றாகப் பாராட்டவும் செய்தார்கள். ஆனாலும் நான் கிளம்பிப் போகத்தான் இருந்தேன்.

அதனால் உங்களுக்கு நான் சொல்ல வேண்டிய முதல் வேலை: பதிவேட்டை அவர்களிடமிருந்து வாங்கிவிடுங்கள். லாக் எழுதுவது மட்டமான வேலை என்று சொல்லவில்லை. எழுதத் தெரியாதவர் நல்ல ஆபரேட்டராக முடியாது. ஆனால் எழுதுகிறவர் மட்டுமே எழுதிக்கொண்டிருக்கக் கூடாது. வாரம் ஒருவர் என்று முறை வையுங்கள். அந்த முறையைப் பலகையில் எழுதி ஒட்டுங்கள். இந்த வாரம் சால்டரிங் அயன் பிடித்தவர் அடுத்த வாரம் பதிவேடு, அதற்கடுத்த வாரம் மல்டிமீட்டர். "யாருக்கு விருப்பமோ அவங்க வாங்க" என்று மட்டும் கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் எப்போதும் அதே நான்கு பையன்கள்தான் முன்னால் வந்து நிற்பார்கள்.

அந்தப் பையன்கள் மேல் தப்பில்லை. வீட்டில் மிக்ஸி பழுதானால் நாம் தம்பியைக் கூப்பிடுகிறோம். அதைத் தினமும் ஓட்டுகிறவள் அக்கா. ஸ்க்ரூடிரைவர் அவன் கைக்குத்தான் போகிறது. உங்கள் ஊரில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். விசைப்படகில் வயர்லெஸ் செட் இருக்கிறது. கடலில் அபாய அழைப்புக்கான சேனல் 16, அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ், உங்கள் பிள்ளைகளில் பலருக்குக் காதில் விழுந்த பெயராக இருக்கும். ஆனால் பெண்கள் படகில் ஏறுவது பல ஊர்களில் வழக்கமில்லை. அந்தச் செட்டின் பொத்தானை அண்ணன் அழுத்தியிருப்பான், தங்கை அழுத்தியிருக்க மாட்டாள். ஆக, மன்றத்துக்கு வரும்போதே பையன் பத்துத் தடவை தொட்டுப் பார்த்தவனாக வருகிறான், பெண் ஒருதடவையும் தொடாதவளாக வருகிறாள். பார்க்கிற நமக்கு அது ஆர்வத்தில் இருக்கும் வித்தியாசம் மாதிரி தெரிகிறது. இதில் பெரும்பாலானவர்களுக்கு ஆர்வம் வருவதே கை பட்ட பிறகுதான்.

இதையே உங்களுக்குச் சாதகமாகத் திருப்பலாம். நாம் பேசும் 2 மீட்டர் பட்டை 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ். படகின் செட்டுக்கு அது பக்கத்து வீடு. கால் அலைநீள ஆன்டெனா என்றால் இரண்டுக்குமே ஏறக்குறைய அரை மீட்டர் கம்பிதான். "உங்க அப்பா படகுல நிக்குதே, அதைத்தான் இன்னைக்கு நீ செய்யப் போற" என்று தொடங்குங்கள். வெளியூரிலிருந்து வந்த விஞ்ஞானமாக அது தோன்றாது. அவள் வீட்டுச் சோற்றோடு சம்பந்தப்பட்ட பொருளாகத் தோன்றும்.

அடுத்து, நேரம். "வீட்ல வேலை சார்" என்பதை நீங்கள் சாக்காக எடுத்துக்கொண்டீர்களோ என்று எனக்குச் சந்தேகம். அது உண்மையாகவே இருக்கலாம். சனிக்கிழமை சாயங்காலம் நாலரைக்கு ஒரு பதிமூன்று வயதுப் பெண்ணுக்குத் தண்ணீர் பிடிக்க வேண்டும், தம்பியைப் பார்க்க வேண்டும், அம்மா மீன் விற்றுவிட்டு வருவதற்குள் அடுப்பு பற்ற வேண்டும். ஆறரைக்கு விட்டால் டிசம்பர் மாதத்தில் இருட்டிவிடும். எந்தத் தாய் சம்மதிப்பாள்? வாரநாளில் மதிய இடைவேளையில் அரை மணி, அல்லது கடைசிப் பாடவேளையில் நாற்பது நிமிடம் தலைமை ஆசிரியரிடம் கேட்டு வாங்கப் பாருங்கள். இரண்டு மணி நேரம் வேண்டாம். வாரத்துக்கு இரண்டு தடவை நாற்பது நிமிடம் கிடைத்தால் தாராளம். நேரத்தை மாற்றும் முன் அந்த ஆறு பேரிடமும் கேளுங்கள். எல்லார் முன்னாலும் நிறுத்திக் கேட்காமல், இரண்டிரண்டு பேராக.

இரண்டிரண்டு பேர் என்று சொன்னதும் இன்னொன்று சொல்ல வேண்டும். ஒருத்தியாக விடாதீர்கள். பதினான்கு பையன்களுக்கு நடுவில் ஒரே பெண் என்றால், அவள் செய்யும் சின்னத் தவறும் "பொண்ணுங்களுக்கு வராது" என்று எல்லாப் பெண்கள் கணக்கிலும் எழுதப்படும். அந்தப் பாரத்தை நான் சுமந்திருக்கிறேன். இரண்டு பேர் சேர்ந்து ஒரு மேசையில் உட்கார்ந்தால், ஒருத்தி தப்பாகச் சேர்த்ததை இன்னொருத்தி சிரித்துக்கொண்டே பிரித்துவிடுவாள். தோழியோடு வரச் சொல்லுங்கள். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஓரளவு கற்றுக்கொண்டதும் ஏழாம் வகுப்புப் பெண்ணுக்கு அவளே சொல்லிக் கொடுக்கட்டும். நீங்கள் தள்ளி நின்று பாருங்கள்.

பெண்களுக்கென்று தனியாக ஒரு சுலபமான வகுப்பு நடத்தலாமா என்று சிலர் கேட்பார்கள். கூடவே கூடாது என்பது என் கருத்து. பூ வரைந்த அட்டைப்பெட்டியில் பல்பு எரியவைக்கும் மாதிரி வேலைகளைப் பெண்களுக்கும், ரேடியோ கட்டும் வேலையைப் பையன்களுக்கும் பிரித்துக் கொடுத்த ஒரு முகாமை நான் பார்த்திருக்கிறேன். தங்களைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பது அந்தப் பெண்களுக்குப் பத்தே நிமிடத்தில் புரிந்துவிட்டது. பாடம் எல்லாருக்கும் ஒன்றாகவே இருக்கட்டும், கருவி மட்டும் எல்லார் கைக்கும் சுற்றி வரட்டும். மகளிர் தினத்தன்று மைக் முன்னால் நிறுத்திப் படம் எடுத்துவிட்டு மறுநாள் மறந்துவிடும் வேலையும் வேண்டாம்.

சரி, என்ன கட்டுவது? முதல் நாளே வேலை செய்து காட்டும் பொருளாக இருக்க வேண்டும். நான் எப்போதும் மோர்ஸ் ஒலியெழுப்பியில்தான் தொடங்குவேன். மோர்ஸ் என்பது குறுகிய, நீண்ட ஒலிகளால் எழுத்துகளைச் சொல்லும் குறியீடு. 555 ஐ.சி. என்ற சின்னச் சில்லு ஒன்று, இரண்டு ரெசிஸ்டர், இரண்டு கெப்பாசிட்டர், ஒரு சின்ன ஸ்பீக்கர், 9 வோல்ட் பேட்டரி. ஒலி எழுப்பத் தட்டும் சாவிக்கு இரண்டு தகரத் துண்டு போதும். மொத்தச் செலவு நூறு ரூபாயைச் சுற்றித்தான் வரும். நாற்பது நிமிடத்தில் பீப் என்று சத்தம் வந்துவிடும். அந்தச் சத்தம் வரும் நேரத்தில் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள், அதற்கப்புறம் ஊக்கப்படுத்துவது பற்றி என்னிடம் கேட்கவே மாட்டீர்கள். சால்டரிங் தெரியாவிட்டால் முதல் தடவை பிரெட்போர்டில், அதாவது பாகங்களைச் செருகியே இணைக்கும் துளைப் பலகையில், செருகட்டும். பிறகு எட்டாம் வகுப்பறைக்கும் ஒன்பதாம் வகுப்பறைக்கும் ஒரு ஜோடி ஒயரை இழுத்து, இந்தப் பக்கம் ஒருத்தி சாவியைத் தட்ட, அந்தப் பக்கம் இன்னொருத்தி கேட்டு எழுதட்டும். ஒயர் வழியாக அனுப்புவதற்கு எந்த உரிமமும் வேண்டாம்.

மோர்ஸைப் புள்ளி, கோடு என்று பலகையில் எழுதிக் கற்றுக்கொடுக்காதீர்கள். அது காதால் கற்க வேண்டிய மொழி. "யாராவது இருக்கிறீர்களா" என்று பொதுவாக அழைக்கும் சி.கியூ. என்பதை டா-டி-டா-டிட், டா-டா-டி-டா என்று சொல்லிப் பாருங்கள். தகதிமி போல அது ஒரு தாளம். பரதம் கற்கும் பெண்ணுக்கும், கோயில் திருவிழா மேளத்தை வாயால் அடித்துக் காட்டும் பையனுக்கும் இது சீக்கிரம் பிடிபடும். உரிமத் தேர்வின் தொடக்க நிலைக்கு மோர்ஸ் தேவையில்லை, பொது நிலைக்குத்தான் தேவை. இருந்தாலும் பிள்ளைகளை இழுக்க இதைவிட நல்ல கயிறு எனக்குத் தெரியாது.

கேட்பதற்கு உங்கள் பள்ளியின் ஹை-டெக் லேப் இருக்கிறதே, அதைப் பயன்படுத்துங்கள். நெதர்லாந்தில் டுவென்டே பல்கலைக்கழகம் ஒரு ரேடியோ ரிசீவரை இணையத்தில் இணைத்து வைத்திருக்கிறது. உலகில் எங்கிருந்தும் அலைவரிசையைத் திருப்பிக் கேட்கலாம். ஐரோப்பாவில் யார் யாரோ பேசிக்கொள்வது உங்கள் வகுப்பறையில் கேட்கும். இன்னும் கொஞ்சம் பணம் திரட்ட முடிந்தால், சில ஆயிரம் ரூபாய்க்குக் கணினியில் செருகி ரேடியோ கேட்க உதவும் எஸ்.டி.ஆர். டாங்கிள் ஒன்று வாங்குங்கள். பி.வி.சி. குழாயில் இரும்பு அளவு நாடாவை வெட்டிப் பொருத்தி ஒரு ஆன்டெனா கட்டி, 145.8 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். சர்வதேச விண்வெளி நிலையம் ஏறக்குறைய 400 கிலோமீட்டர் உயரத்தில், ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுகிறது. உங்கள் ஊருக்கு மேலே கடக்கும்போது பத்து நிமிடம் போலத் தொடர்பு கிடைக்கும். அங்குள்ள ஹாம் கருவியிலிருந்து சில நாட்களில் படங்களைக்கூட ஒலியாக அனுப்புவார்கள். வருகிற ஒலியைக் கைபேசிச் செயலி படமாக மாற்றிவிடும். ஆன்டெனாவை வானத்தில் நகரும் நிலையத்தைப் பின்தொடர்ந்து திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஆன்டெனாவைப் பிடிக்கும் கை யாருடையது என்பதை மட்டும் முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள்.

விண்வெளி என்றதும் ஒன்று நினைவு வருகிறது. இதை உங்கள் மாணவிகளுக்கு அவசியம் சொல்லுங்கள். சென்னையின் ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா, நாடு முழுவதும் 75 அரசுப் பள்ளிகளிலிருந்து 750 மாணவிகளைச் சேர்த்து ஆசாதிசாட் என்ற சின்னச் செயற்கைக்கோளைத் தயாரித்தது. மதுரைக்குப் பக்கத்தில் திருமங்கலம் அரசுப் பெண்கள் பள்ளி மாணவிகளும் அதில் இருந்தார்கள். 2022 ஆகஸ்டில் ஏவியபோது ராக்கெட் அதைச் சரியான பாதையில் விடவில்லை, செயற்கைக்கோள் போய்விட்டது. மறுபடி செய்தார்கள். 2023 பிப்ரவரியில் ஆசாதிசாட்-2 சுற்றுப்பாதைக்குப் போனது. அதில் ஹாம் ரேடியோக் கருவியும் இருந்தது. அந்த மாணவிகளை யாரும் வெறும் உரை கேட்க உட்காரவைக்கவில்லை. சின்னச் சின்னக் கருவிப் பலகைகளைக் கையில் கொடுத்து நிரல் எழுத வைத்தார்கள். என் கண்ணில் அதுதான் பெரிய விஷயம்.

தாய்மார்களைப் பற்றி. உங்கள் மாவட்டத்தில் அவர்களுக்கு 2004 டிசம்பர் 26 பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாகப்பட்டினம் மாவட்டம் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களை இழந்தது. அந்தக் காலையில் அந்தமானின் போர்ட் பிளேரில் பாரதி பிரசாத் என்ற ஹாம் ஆபரேட்டர் இருந்தார். ஹைதராபாத்தில் உள்ள தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தின் குழுவை அவர்தான் தலைமை தாங்கி அழைத்துப் போயிருந்தார். அந்தமானிலிருந்து ஹாம் குரல் கேட்பது மிக அரிது என்பதால், உலகம் முழுவதும் இருந்து ஆபரேட்டர்கள் அவரோடு ஒரு வரி பேசக் காத்துக் கிடந்தார்கள். நிலம் ஆடியது, கடல் வந்தது, தொலைபேசி செத்துவிட்டது. பொழுதுபோக்குக்காகக் கொண்டுபோன அதே செட்டை வைத்துத்தான் அவரும் குழுவும் தீவுகளில் சிக்கியவர்களின் செய்திகளை இந்தியப் பெருநிலத்துக்குக் கடத்தினார்கள். உயிரோடு இருக்கிறார்கள் என்ற ஒரு வரிக்காகக் காத்திருந்த குடும்பங்களுக்கு அந்த வரி போய்ச் சேர்ந்தது. பெற்றோர் கூட்டத்தில் இந்தக் கதையைச் சொல்லுங்கள். கஜா புயலில் எத்தனை நாள் மின்சாரம் இல்லாமல், செல்போன் இல்லாமல் இருந்தோம் என்று அவர்களே பேசத் தொடங்குவார்கள். கார் பேட்டரியில் ஓடும் ஒரு செட்டை மேசைமேல் வைத்து, அந்தத் தாய்மார்களையே கேட்க வையுங்கள். மகளை அனுப்பலாமா என்று யோசிக்கிற தாய்க்கு இதைவிடப் பெரிய உத்தரவாதம் தேவைப்படாது.

வேறொரு பயமும் அவர்களுக்கு இருக்கும், வெளியே சொல்ல மாட்டார்கள். முகம் தெரியாத ஆண்களோடு பெண் பேசுவதா என்பது. அதை ஒதுக்கித் தள்ளாதீர்கள், பதில் சொல்லுங்கள். ஹாம் அலைவரிசையில் பேசுவது ஊரே கேட்கும் பேச்சு, ரகசியம் கிடையாது, ஒவ்வொருவரும் அழைப்புக்குறியோடுதான் பேச வேண்டும். பெரும்பாலானோர் கண்ணியமானவர்கள். நான் பேசத் தொடங்கிய காலத்தில், "ஓ.எம். வீட்டில் இல்லையா?" என்று சிலர் கேட்டதுண்டு. ஓ.எம். என்பது எங்கள் பாஷையில் ஆண் ஆபரேட்டர். உரிமம் என் கணவருடையதாகத்தான் இருக்கும் என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். பெண் ஆபரேட்டருக்கு எண்பது வயதானாலும் ஒய்.எல்., அதாவது இளம்பெண் என்றுதான் பெயர். அமெரிக்காவில் 1939-இல் தொடங்கிய பெண்கள் சங்கம்கூட அந்தப் பெயரையே வைத்துக்கொண்டது. யாராவது பிடிக்காத விதத்தில் பேசினால் பதில் சொல்லக் கடமைப்படவில்லை, குமிழைத் திருப்பிவிட்டுப் போகலாம், நேரத்தையும் அழைப்புக்குறியையும் குறித்து உங்களிடம் தரலாம் என்று முதல் நாளே சொல்லிவையுங்கள். பிள்ளை புகார் சொன்னால் அடுத்து நீங்கள்தான் பேச வேண்டும், அவளைப் பேசாமல் இருக்கச் சொல்லக் கூடாது. இன்னொன்று, ஹாம் ஆபரேட்டர்களின் முகவரி பொது அடைவுகளில் ஏறுவது வழக்கம். பேசியதை உறுதிசெய்து ஒருவருக்கொருவர் அனுப்பும் அட்டைகள் அங்கேதான் வரும். பிள்ளைகளின் வீட்டு முகவரிக்குப் பதில் பள்ளி முகவரியைக் கொடுக்கச் சொல்லுங்கள். பள்ளியின் பெயரிலேயே மன்ற நிலைய உரிமத்துக்கும் விண்ணப்பிக்கலாம். அப்படி வந்துவிட்டால் எல்லா வகையிலும் நிம்மதி.

உரிமம் பற்றி உங்களுக்குத் தெரிந்ததே, பிள்ளைகளுக்காகச் சுருக்கமாக. 12 வயது நிரம்பினால் தேர்வு எழுதலாம். கட்டுப்படுத்தப்பட்ட நிலை, அதாவது தொடக்க நிலைத் தேர்வில் ரேடியோக் கொள்கையும் விதிமுறைகளும் வரும். தேறியவருக்கு வி.யு.3 என்று தொடங்கும் அழைப்புக்குறி. விண்ணப்பம் தொலைத்தொடர்புத் துறையின் சரள் சஞ்சார் தளத்தில். கையில் வந்துசேர மாதங்கள் ஆகலாம் என்பதால் அந்த இடைவெளியில் மன்றம் தூங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதுவரை கட்டுவது, கேட்பது, மோர்ஸ் பழகுவது மட்டும். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் சீனக் கைச்செட்டுகளை உரிமம் வருமுன் எந்தப் பிள்ளையும் வாங்கி அழுத்திவிடாமல் கண்டிப்பாக இருங்கள். அது சட்டப்படி குற்றம்.

தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைக்கு இந்தத் தேர்வில் பாதிச் சுமை ஆங்கிலம்தான். படிக்கக் கிடைப்பதும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். வசதியான பள்ளிப் பிள்ளைகளே இந்தப் பொழுதுபோக்கில் அதிகம் தெரிவதற்கு இது ஒரு காரணம், செட்டின் விலை இன்னொரு காரணம். பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் வரும் ஓம் விதியும் மின்திறனும் பாடத்தில் கணிசமான பகுதி. அதைத் தமிழில் புரியவைத்துவிட்டு, கேள்வித்தாளில் வரும் இருநூறு ஆங்கிலச் சொற்களைத் தனி நோட்டில் பிள்ளைகளையே தொகுக்கச் சொல்லுங்கள். பழைய மன்றங்களில் பயன்படுத்தாமல் கிடக்கும் செட்டுகள் நிறைய உண்டு. சென்னையிலும் மற்ற ஊர்களிலும் உள்ள மன்றங்களுக்குக் கடிதம் எழுதிக் கேளுங்கள். தயங்காதீர்கள், கொடுப்பார்கள். அப்படிக் கேட்கும்போது, பேச ஒரு பெண் ஆபரேட்டரையும் அனுப்ப முடியுமா என்று சேர்த்துக் கேளுங்கள்.

இனி ஜன்னலோரம் நிற்கும் அந்தப் பையன். சார், என்னைக் கேட்டால் உங்கள் மன்றத்தின் முதல் நல்ல ஆபரேட்டர் அவனாகத்தான் வரப்போகிறான். இந்த வேலையே காதுக்கானது. இரைச்சலுக்கு நடுவில் மெலிந்த ஒரு குரலைப் பிடித்து, அழைப்புக்குறியைப் பிரித்தெடுக்கும் திறமை கண்ணை நம்பிப் பழகிய நமக்குக் கஷ்டப்பட்டுத்தான் வருகிறது. உலகம் முழுவதும் பார்வையற்ற ஹாம்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகளுக்கு ஹாம் ரேடியோ கற்றுத்தருவதற்கென்றே 1967-இல் ஹேண்டிஹாம் என்ற திட்டம் தொடங்கப்பட்டது. இப்போதைய பல செட்டுகள் அலைவரிசையைக் குரலில் சொல்கின்றன. சொல்லாத செட்டில், முக்கியமான பொத்தான்கள்மேல் ஒரு துளி ஃபெவிகாலைக் காயவைத்தால் விரலுக்குத் தெரியும். திரையைப் படித்துக் காட்டும் என்.வி.டி.ஏ. மென்பொருள் இலவசம், உங்கள் லேப் கணினியில் இன்றே போட்டுவிடலாம்.

அவன் அம்மாவின் பயம் நியாயமானது, ஆனால் தீர்க்கக்கூடியது. 9 வோல்ட் பேட்டரியை அவர் கையிலேயே கொடுத்து, இரு முனைகளையும் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பையன் செய்யப்போவது இவ்வளவு கரண்டில்தான் என்று காட்டுங்கள். சால்டரிங்குக்குப் பதில் அவன் முதலைவாய்க் கிளிப்பும் பிரெட்போர்டும் பயன்படுத்தட்டும். சுவர் பிளக்கில் சொருகும் எதையும் பெரியவர் இல்லாமல் யாருமே தொடக் கூடாது என்ற விதியை எல்லாருக்கும் பொதுவாக வையுங்கள், அவனுக்கு மட்டும் வைக்காதீர்கள். தேர்வுக்கு நேரம் வரும்போது, எழுதித்தர உதவியாளர் வேண்டும் என்பதை விண்ணப்பிக்கும்போதே எழுத்தில் கேளுங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. கடைசி நாளில் தேர்வு மையத்தில் போய்க் கேட்டால் அலைக்கழிவீர்கள்.

அவனுக்கும் வெறும் கேட்கும் வேலை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அவன் பெயரும் பலகையில் முறைப்படி வரட்டும். பதிவேடு எழுதும் வாரம் வந்தால் அவன் சொல்ல, பக்கத்தில் இருப்பவர் எழுதட்டும்.

555 சுற்றுப்படத்தையும் அளவு நாடா ஆன்டெனாவின் அளவுகளையும் தமிழில் வரைந்து தனியாக அனுப்புகிறேன். அந்த ஆறு பேரைப் பார்த்துப் பேசியபின் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள். எந்த நேரம் அவர்களுக்கு ஒத்துவரும் என்று சொன்னார்கள் என்பதைக் கட்டாயம் எழுதுங்கள், அதை வைத்துத்தான் அடுத்ததைச் சொல்ல முடியும்.

எங்கள் வழக்கப்படி உங்களுக்கும் ஜன்னலோரத்து நண்பனுக்கும் 73, அதாவது நல்வாழ்த்துகள். அந்த ஆறு பேருக்கும் 33. ஒரு பெண் ஆபரேட்டர் இன்னொரு பெண் ஆபரேட்டருக்கு மட்டும் சொல்லும் வாழ்த்து அது. நான் அனுப்பியதாக அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.